வரி கூடியதா என்று கேட்டால் போதாது

(மட்டக்களப்பில் சுகாதார உத்தியோகத்தர்கள், ஆசிரியர்கள், வணிகர்கள், மாணவர்கள் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையிலுள்ள பெரியோர்களே, தாய்மார்களே, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

புகைத்தால் நோய் வரும் என்பதை வைத்தியர்கள் எத்தனையோ மேடைகளில் சொல்லிவிட்டார்கள். நான் பேச வந்தது பணத்தைப் பற்றி. வரவு செலவுத் திட்டம் நெருங்கும்போதெல்லாம் சிகரெட் வரியைக் கூட்டலாமா, கூட்டினால் அரசாங்கத்தின் வருமானம் விழுந்துவிடுமா என்ற பேச்சு எழுகிறது. அச்சத்தை வைத்து முடிவெடுக்க வேண்டிய தேவையில்லை. கணக்கு இருக்கிறது.

நம்மைப் போன்ற வருமானமுள்ள நாடுகளில் விலை 10 சதவீதம் ஏறினால் நுகர்வு ஏறத்தாழ 5 சதவீதம் குறைகிறது. பல நாடுகளில் திரும்பத் திரும்ப அளந்து கண்ட முடிவு இது. ஒரு சிகரெட் 100 ரூபாய், அதில் வரி 70 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 100 சிகரெட் விற்றால் திறைசேரிக்கு 7,000 ரூபாய். வரியை 10 ரூபாய் கூட்டினால் விலை 110, வரி 80. விற்பனை 95 ஆகக் குறையும். 95ஐ 80ஆல் பெருக்குங்கள்: 7,600. புகைப்பது குறைந்தது, வருமானம் கூடியது. 2016 ஒக்டோபரில் இலங்கை வரியை ஒரேயடியாக உயர்த்தி, பரவலாக விற்கும் சிகரெட் ஒன்று 50 ரூபாயைத் தொட்டபோது, அடுத்த ஆண்டு விற்பனை இறங்கியது. திறைசேரி ஒன்றும் காலியாகிவிடவில்லை.

ஆனால் விலை ஏறியது என்ற செய்தியைக் கேட்டவுடன் கை தட்டிவிடாதீர்கள். 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் அப்படி ஏறும்போது, ஒரு சிகரெட்டுக்கு இத்தனை ரூபாய் என்று நிலையாக நிற்கும் வரி தானாகவே தேய்ந்துபோகிறது. பார்க்க வேண்டியது, ஒருவருடைய வருமானத்துக்கு அந்தச் சிகரெட் எட்டுகிறதா என்பதையே. நூறு பக்கெட் வாங்க ஆள்வீத வருமானத்தில், அதாவது ஒருவரின் சராசரி ஆண்டு வருமானத்தில், எத்தனை சதவீதம் தேவை என்று ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் கணக்கிடுகிறார்கள். அந்த எண் இறங்கினால், விலைச்சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் சிகரெட் மலிந்துவிட்டது என்றே பொருள். விலைவாசியோடும் வருமானத்தோடும் வரி தானாக ஏறும்படி சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. நம் நாட்டில் சிகரெட்டின் நீளத்தைப் பார்த்தே உற்பத்தி வரி விதிக்கிறார்கள். நீளமானதற்குக் கூடுதல், குட்டையானதற்குக் குறைவு. விலை ஏறினால் புகைப்பவர் விட்டுவிட வேண்டும் என்பது நம் எண்ணம். அவருக்கு முன்னால் ஓர் ஏணி இருக்கிறது. நீளமானதிலிருந்து குட்டைக்கு, குட்டையிலிருந்து பீடிக்கு என்று இறங்கிக்கொண்டே போகலாம். எல்லாப் படிக்கும் சேர்த்து வரி ஏறாவிட்டால் நுரையீரலுக்கு எந்த நன்மையும் கிடையாது.

இப்போது என்னோடு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ஒரு சந்திக் கடைக்கு வாருங்கள். கடைக்காரரின் முழங்கைக்கருகில் 20 சிகரெட் பக்கெட் ஒன்று திறந்தபடி இருக்கும். தூணில் நூல் கட்டி லைட்டர் தொங்கும். வயலிலிருந்து வருபவர் பிளேன்டீ சொல்லி ஒரு சிகரெட்டை உருவிப் பற்றவைப்பார். பக்கெட்டின் 80 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்று நாம் போராடிப் பெற்ற சட்டம் கடைக்காரரின் தட்டிலேயே தங்கிவிடுகிறது, வாங்குபவர் கைக்குப் போவதே இல்லை. ஒற்றையாக விற்பதால் பையன்களுக்கும் அது எட்டும். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. பக்கெட் விலை கொடுக்க வழியில்லாத பிள்ளையிடம் ஒரு சிகரெட்டின் காசு இருக்கிறதே! ஒற்றைச் சிகரெட் விற்பனையைத் தடுக்காமல் வரியை மட்டும் நம்புவது அரைவாசி வேலை என்பது என் உறுதியான கருத்து.

வரி ஏழையைத்தான் அடிக்கும் என்ற வாதத்துக்கு வருகிறேன். மனதார அப்படிக் கவலைப்படுகிறவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். கையில் காசு குறைந்தவரே விலைக்கு முதலில் அசைகிறார், அவரே கூடுதலாக விடுகிறார் என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு நாளைக்கு மூன்று சிகரெட் புகைக்கும் கூலித் தொழிலாளி அதை விட்டுவிட்டால், அதே 100 ரூபாய்க் கணக்கில், மாதம் 9,000 ரூபாய் வீட்டுக்குத் திரும்புகிறது. அவர் விடாமல் நோயாளியானால்? மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். பஸ் கட்டணமும், கூட வரும் மனைவியின் அன்றைய கூலியும், வயலில் விழுந்துபோன வேலையும் யார் தலையில்? புகைத்தலால் 2012இல் உலகுக்கு ஏற்பட்ட இழப்பை 1.4 டிரில்லியன் டொலர் என மதிப்பிட்டார்கள். அதில் மருத்துவச் செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி, நோயாலும் சாவாலும் போன உழைப்பு. பிலிப்பைன்ஸ் 2012இல் வரியைச் சீர்திருத்தியபோது கூடுதல் வருமானத்தில் பெரும்பங்கை ஏழைகளின் சுகாதாரக் காப்புறுதிக்கு ஒதுக்கியது. ஏழைக்காகப் பேசுவோர் கேட்க வேண்டியது அப்படியொரு ஒதுக்கீட்டைத்தான்.

கள்ளக்கடத்தல் பெருகும் என்பார்கள். வரி உயர்ந்த பல நாடுகளில் கடத்தல் குறைவு, வரி தாழ்ந்த பல நாடுகளில் அதிகம். சுங்கமும் பொலிஸும் எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பொறுத்தது அது. எத்தனை பக்கெட் கள்ளமாக வருகிறது என்று சிகரெட் விற்பவரிடமே கேட்டு எழுதிய எண்ணை வைத்து வரி தீர்மானிக்கக் கூடாது. வீதியில் கிடக்கும் வெற்றுப் பக்கெட்டுகளைப் பொறுக்கி, நம் நாட்டு எச்சரிக்கைப் படம் இல்லாதவை, அதாவது கடத்தி வந்தவை, எத்தனை என்று எண்ணும் முறை உண்டு. அதை எந்தப் பல்கலைக்கழகமும் செய்யலாம்.

நம் பகுதிக்கே உரிய ஒன்று இந்தக் கணக்குகள் எதிலும் சரியாக விழவில்லை. வெற்றிலை வட்டாவில் பாக்கோடும் சுண்ணாம்போடும் இருக்கும் புகையிலைத் துண்டைச் சொல்கிறேன். இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். நம் தாய்மார்களும் அதே துண்டைத்தான் மெல்லுகிறார்கள். சந்தையில் நிறுத்து விற்கும் அந்தப் புகையிலைக்குப் பக்கெட் இல்லை, படம் இல்லை, சிகரெட்டுக்குள்ள வரியும் இல்லை. அது என்ன விலைக்கு, யாருக்கு, எவ்வளவு போகிறது என்று இங்கேயே எண்ணினால்தான் கொழும்பில் பேச நமக்கு வாய் இருக்கும்.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். ஏறாவூர், வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய ஐந்து சந்தைகளில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒற்றைச் சிகரெட், பீடிக்கட்டு, மெல்லும் புகையிலை மூன்றின் விலையையும் அந்தந்த ஊரின் அன்றைய கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் உங்களோடு வரட்டும். நவம்பரில் வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்துக்குப் போவதற்கு முன், செப்டெம்பரிலேயே அந்தத் தாள் மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரு மாவட்டங்களின் பாராளுமன்ற உறுப்பினர்கள் கையிலும் இருக்க வேண்டும்.