சாவிக்குத் தனி விலை

நேயர்களுக்கு வணக்கம். 2010-இல் இன்டெல் நிறுவனம் ஓர் அட்டை விற்றது. விலை 50 டாலர். செல்போன் ரீசார்ஜ் மாதிரிதான். அட்டையில் உள்ள எண்ணைக் கணினியில் தட்டினால், உள்ளே இருக்கும் பென்டியம் ஜி6951 சிப் இன்னும் சுறுசுறுப்பாகிவிடும். கேஷ் எனும், சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம் 3 மெகாபைட்டிலிருந்து 4 மெகாபைட் ஆகும், ஒரே நேரத்தில் இரட்டை வேலை பார்க்கும் ஹைப்பர்த்ரெடிங் வசதியும் வேலை செய்யும். ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டாம். ஏனென்றால் அந்த 1 மெகாபைட், கணினி வாங்கிய நாளிலிருந்தே உள்ளேதான் இருந்தது.

இதில் எனக்கு ஒரு பாதி ஏற்பு உண்டு. ஒரே சிலிக்கான் தகட்டில் வெட்டியெடுக்கும் சிப்கள் எல்லாமே ஒன்றுபோல் அமைவதில்லை. சிப்பில் வேலை பார்க்கும் பகுதிகளான நான்கு கோர்களில் ஒன்று பழுதா? அதை அணைத்துவிட்டு மூன்று கோர் சிப் என்று விலை குறைத்து விற்கலாம். குப்பைக்குப் போக வேண்டியது ஒருவருக்குப் பயன்படுகிறது, சரி. ஆனால் மலிவு ரகத்தைக் கேட்பவர்கள் கூடிவிட்டால்? அப்போது பழுதே இல்லாத கோரும் அணைக்கப்படும். 2009 வாக்கில் இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டியின் இரண்டு கோர் பினாம் சிப்பை வாங்கிய சிலர், கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் பயாஸ் மென்பொருளில் ஓர் அமைப்பை மாற்றி நான்கு கோர்களையும் எழுப்பிவிட்டார்கள். சிலருக்கு ஓடியது, சிலருக்குக் கணினி உறைந்து நின்றது. லாட்டரிதான்!

இதற்கெல்லாம் முன்னோடி ஒன்று உண்டு. 1991-இல் வந்த இன்டெலின் 486எஸ்எக்ஸ் சிப். தசமக் கணக்குகளைப் போடும் பகுதியை முடக்கிய 486தான் அது. கணக்கு வேகமாக ஓட வேண்டுமானால் 487 என்ற துணைச் சிப்பை வாங்கிப் பக்கத்தில் செருக வேண்டும் என்றார்கள். துணையாவது ஒன்றாவது! அந்த 487 ஒரு முழு 486. செருகியதும் பழைய சிப்பை முற்றிலும் அணைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே பார்த்துக்கொள்ளும். பழையது தன் இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். வாங்கியவர் இரண்டு சிப்புக்குக் காசு கொடுத்து ஒன்றைத்தான் ஓட்டினார்.

பெரிய நிறுவனங்களுக்கு இது பழகிய சங்கதி. ஐபிஎம் நிறுவனத்தின் மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணினியில் கூடுதல் செயலிகள் தூங்கிக்கொண்டிருக்கும், பணம் கட்டினால் விழித்துக்கொள்ளும். அங்கே வாங்குபவர் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துத்தான் கையெழுத்துப் போடுகிறார். 2023-இல் ஜியான் சர்வர் சிப்களுக்கும் இன்டெல் இதே வழியைக் கொண்டுவந்தது. அதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. கடையில் ஒரு கணினி வாங்கும் தனி ஆளிடம் யார் ஒப்பந்தத்தைக் காட்டினார்கள்? பெட்டியின் மேல் ‘உள்ளே 1 மெகாபைட் பூட்டப்பட்டுள்ளது’ என்று அச்சடித்திருந்தால், நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

அப்புறம், அந்த 50 டாலர் திட்டத்தை 2011-இல் இன்டெல் கைவிட்டது. அட்டை வாங்காதவர்களின் ஜி6951 சிப்களில் அந்த 1 மெகாபைட் இன்னும் பூட்டியபடியே கிடக்கிறது. இப்போது காசை நீட்டினாலும் திறந்துவிட ஆளில்லை. நன்றி, வணக்கம்.