குடிக்கிற பொடியில கம்பளி நூலுக்குச் சாயம் | ஒமாஹா சமையலறை வ்லாக்

வணக்கம் மக்களே! சத்தம் கேக்குதா? பின்னாடி எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிட்டிருக்கு. அதை நிறுத்தினா லென்ஸ் பூரா ஆவி படிஞ்சிடும். போன தடவ அப்படித்தான், கால் மணி நேரம் வெறும் பனிமூட்டத்த ஷூட் பண்ணி வெச்சிருந்தேன்.

இன்னைக்கு இந்தச் சட்டியில கொதிக்கப் போறது ரசம் இல்ல, நூல். வாசனைய உங்களுக்கு அனுப்ப முடியலையேன்னு இருக்கு. ஸ்கூல் வாசல்ல குச்சி ஐஸ் பெட்டியத் திறந்தா குப்புனு ஒரு வாசம் வரும்ல, அப்படியே அது.

சரி, பொடியக் காட்டுறேன். இதுதான் கூல்-எய்ட். அஞ்சு கிராம் இருக்குமா, அவ்வளவுதான் ஒரு பாக்கெட். இங்க அமெரிக்காவுல பிள்ளைங்க இருக்கிற வீடுங்கள்ல சர்வ சாதாரணம். ரெண்டு லிட்டர் தண்ணி, ஒரு கப் சர்க்கரை, இந்தப் பொடி, கலக்கினா ஜூஸ். இது எங்க நெப்ராஸ்கா மாநிலத்துச் சரக்குங்க! ஒமாஹால இருந்து ரெண்டரை மணி நேரம் மேற்கால போனா ஹேஸ்டிங்ஸ்னு ஒரு ஊர். அங்க எட்வின் பெர்கின்ஸ்னு ஒருத்தர் 'ஃப்ரூட் ஸ்மாக்'னு ஒரு பழ சிரப்ப பாட்டில்ல வித்திட்டிருந்தாரு. கண்ணாடி பாட்டில், கனம், அனுப்புற வழியில உடையும். அதனால தண்ணியெல்லாம் எடுத்துட்டு 1927ல பொடியாக்கிட்டாரு. ஒரு கவர் பத்து சென்ட்டு. அப்புறம் பெரும் பொருளாதார நெருக்கடி வந்தப்ப அஞ்சு சென்ட்டா குறைச்சாரு, விற்பனை பிச்சுக்கிச்சு. ஹேஸ்டிங்ஸ் மியூசியத்துல இதுக்குன்னே ஒரு பகுதி வெச்சிருக்காங்க. ஒரு ஜூஸ் பொடிக்கு மியூசியமான்னு சிரிச்சுக்கிட்டே போனேன், ரெண்டு மணி நேரம் வெளிய வரல.

ஜூஸ் பொடி எப்படி நூல்ல ஒட்டும்? இதுல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு செயற்கைக் கலர். இன்னொண்ணு சிட்ரிக் ஆசிட், எலுமிச்சம்பழத்துல இருக்கிற அதே புளிப்பு. கம்பளி நூல்ங்கிறது ஆட்டோட முடி. முடின்னா புரதம். புளிப்புத் தண்ணியில சூடு ஏத்தினா அந்தப் புரதம் இந்தக் கலரை இழுத்துப் பிடிச்சுக்கும். கம்பளிக்குன்னு கடையில விக்கிற ஆசிட் சாயமும் இதே வழியிலதான் வேலை செய்யுது. அதுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, மூக்குக்கு மாஸ்க்கெல்லாம் வேணும். இது திங்கிற கலர். அதனால நாளைக்கு இதே சட்டியத் தேய்ச்சுட்டு சாம்பார் வெக்கலாம். வெப்பேன்.

பாக்கெட் வாங்கும்போது ஒண்ணே ஒண்ணு பாருங்க, சர்க்கரை சேர்க்காததா இருக்கணும். சர்க்கரை இருந்தா நூல் பிசுபிசுன்னு ஆயிடும். எறும்பு வந்தா நான் பொறுப்பில்ல.

இப்ப ஒரு சோகக் கதை. போன வருஷம் ஊருக்குப் போனப்ப அம்மா ஒரு பை நிறைய உல்லன் நூல் குடுத்தாங்க. வெள்ளை வெளேர்னு, மெத்து மெத்துனு. இங்க வந்து ஆசையா செர்ரி பாக்கெட் நாலு போட்டு ஒரு மணி நேரம் வேக வெச்சேன். வெளிய எடுத்தா ரத்தச் சிவப்பு. அப்படியே குழாயில காட்டினேன், சிவப்பு பூரா தண்ணியோட போயிடுச்சு. பழையபடி வெள்ளை! மூணு தடவ மறுபடி மறுபடி பண்ணேன்னா பாத்துக்கோங்க.

விஷயம் என்னன்னா, நம்ம ஊர் கடையில உல்லன்னு சொல்லி விக்கிறதுல முக்கால்வாசி கம்பளியே கிடையாது, அக்ரிலிக். பிளாஸ்டிக்குக்கு அண்ணன் தம்பி. புரதம் இல்ல, இந்தச் சாயம் ஒட்டாது. பருத்தியும் அப்படித்தான், கறை மாதிரி லேசா நிக்கும், துவைச்சா போயிடும். பட்டு நூல் மட்டும் பிடிக்கும், ஏன்னா அதுவும் புரதம்.

அதனால முதல்ல ஒரு சோதனை. கிட்ட வாங்க. இது அம்மா குடுத்த நூல்ல இருந்து ஒரு துண்டு. இடுக்கியில பிடிச்சு நெருப்பு காட்டுறேன்... பாத்தீங்களா, உருகுது. நுனியில கருப்பா ஒரு மணி மாதிரி ஆயிடுச்சு, ஆறினதும் நகத்தால அழுத்தினாலும் உடையல. இப்ப இன்னைக்குச் சாயம் போடப் போற நூல். எரியுது... நெருப்ப எடுத்ததும் அணைஞ்சிடுச்சு. ஐயோ நாத்தம்! முடி கருகுற நாத்தம். இந்தச் சாம்பல விரல்ல தேய்ச்சா பொடியாயிடுது. இந்த நாத்தம் வந்தா தைரியமா அடுப்ப மூட்டுங்க. சிங்க் மேலயே வெச்சுப் பண்ணுங்க, பிள்ளைங்கள விட்டுப் பண்ண வெக்காதீங்க.

இது நூறு கிராம் சிட்டம், அதாவது வளையமா சுத்தின நூல். நெசவு நடக்கிற ஊர்க்காரங்களுக்கு சிட்டம்னா தெரியும். உருண்டையா சுத்தின நூல்கண்ட அப்படியே போட்டா உள்ள சாயம் போகாது, பிரிச்சு வளையமா சுத்திக்கணும். நாலு இடத்துல தொளதொளன்னு கட்டியிருக்கேன். இறுக்கிக் கட்டினா அந்த இடம் வெள்ளையா நின்னுடும். அரை மணி நேரமா வெதுவெதுப்பான தண்ணியில ஊறுது. காய்ஞ்ச நூல நேரா போட்டா திட்டுத் திட்டாத்தான் பிடிக்கும்.

அளவு கேட்டா, முப்பது கிராம் நூலுக்கு ஒரு பாக்கெட்னா இளசா வரும், ரெண்டுன்னா நல்லா அடிக்கும். நான் கிரேப் ஆறு பாக்கெட் போடுறேன். போட்டாச்சு. இப்ப நூல மெதுவா இறக்குறேன். தீ சின்னதா இருக்கணும். ஓரத்துல குட்டி குட்டியா முட்டை விடணும், தளதளன்னு கொதிக்கக் கூடாது. முக்கியமா கிளறாதீங்க! இட்லிப் பானை மாதிரி மூடி வெச்சுட்டு தள்ளி நில்லுங்க. சூடும் கிளறலும் சேர்ந்தா கம்பளி ஒண்ணோட ஒண்ணு பின்னி ஃபெல்ட் ஆயிடும், அதாவது பிரிக்க முடியாத கெட்டித் துணி மாதிரி. அப்புறம் பாத்திரம் தேய்க்கத்தான் ஆகும்.

...இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. இதுக்காகத்தான் இந்த வீடியோவே. வெள்ளைக் கப்புல அந்தத் தண்ணியக் கொஞ்சம் மொண்டு காட்டுறேன், பாருங்க. போடும்போது மை மாதிரி ஊதா. இப்ப லேசா நீலம் மட்டும் நிக்குது. சிவப்பு எங்க போச்சு? நூல்ல. கிரேப்ல சிவப்பும் நீலமும் கலந்திருக்கு. சிவப்புக்கு அவசரம், முதல்ல ஓடிப் போய் ஒட்டிக்கும். நீலம் ஆடி அசைஞ்சு வரும். மூடுறேன், இன்னும் பத்து நிமிஷம்.

திறக்கிறேன்... தண்ணிய பாருங்க! குழாய்த் தண்ணி மாதிரி தெளிஞ்சிடுச்சு. ஒரு பொட்டு கலர் இல்ல. எத்தனை தடவ பாத்தாலும் எனக்கு இது அலுக்காது.

இப்ப அவசரப்பட்டு குழாயில காட்டாதீங்க. சூட்டுல இருந்து சட்டுனு பச்சத்தண்ணிக்குப் போனாலும் சுருங்கிடும். நான் ராத்திரி பூரா சட்டியிலயே ஆற விட்டுடுவேன்.

காலையில பாப்போம்.

குட் மார்னிங். தலை சீவல, கண்டுக்காதீங்க. அலசிட்டேன், தண்ணியில கலரே வரல. துண்டுல சுத்தி அழுத்திப் பிழிஞ்சேன், முறுக்கல. வெளிச்சத்துல காட்டுறேன். கிரேப்னு பாக்கெட்ல போட்டிருக்கு, திராட்சை கலரா இது? நாவப்பழம் தின்ன நாக்கு கலர். ஆனா இங்க மடிப்புக்குள்ள பாருங்க, ரோஸ் தனியா, நீலம் தனியா பிரிஞ்சு நிக்குது. ஒரே சீரா வேணும்னு நினைக்கிறவங்களுக்கு இது தப்பு. எனக்கு இந்த இடம்தான் பிடிச்சிருக்கு. கடையில வாங்கின நூல்ல இது கிடைக்காது.

ஊர்ல இருந்து பாக்கிறவங்க, அசல் கம்பளி கிடைச்சா கேசரிக்குப் போடுற கலர் பொடி போதும், கூட ரெண்டு கரண்டி வினிகர். துவைக்கும்போது சோடா கலந்த சோப்பு வேண்டாம், புளிப்புல ஏறினது சோடாவோட காரத்துல இறங்கிடும். ஷாம்பு போடுங்க, முடிதானே. நிழல்ல காய வைங்க, வெயில்ல இந்தக் கலரு சீக்கிரம் மங்கும்.

அப்புறம் கையுறை! நேத்து போடல. பாருங்க, அஞ்சு விரலும் நகத்தோட ஊதா. தோலும் நகமும் புரதம்தானே, ஆட்டு முடிய மட்டும் பிடிப்பேன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. இன்னைக்கு ஒன்பதரைக்கு ஆபீஸ் மீட்டிங், கேமரா ஆன்ல. மருதாணின்னு சொல்லிச் சமாளிக்கணும்.

நூல பாத்ரூம் கம்பியில மாட்டியிருக்கேன், சொட்டிட்டிருக்கு. காய்ஞ்சதும் ஒரு குல்லா ஆரம்பிக்கிறேன். வீட்டுக்காரர் குளிக்கப் போனவர் கத்துறாரு, இருங்க வரேன்... பை மக்களே!