தலைவலி தேதியையும் பீரியட்ஸ் தேதியையும் சேர்த்து எழுதுங்க

வணக்கம் மக்களே! இன்னைக்கு ரூம்ல லைட்டைக் கம்மி பண்ணிட்டுத்தான் பேசுறேன். பாக்குறவங்கள்ல பல பேருக்கு வெளிச்சம் பட்டாலே ஆகாதுன்னு தெரியும். ஆமா, மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி பத்தித்தான்.

சின்ன வயசுல பசங்க, பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் இது ஏறக்குறைய சமமாத்தான் வருது. வயசுக்கு வந்த பிறகுதான் கணக்கே மாறுது. பெரியவங்கள்ல ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்கு 2, 3 மடங்கு அதிகம். முக்கியமான காரணம் ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன். அது சட்டுனு இறங்குறப்போதான் வில்லங்கம். பீரியட்ஸுக்கு முன்னாடி இறங்குது பாருங்க, அதனால 2 நாள் முன்னாடியிலேருந்து பீரியட்ஸோட 3ஆவது நாள் வரைக்கும் நிறையப் பேருக்கு மைக்ரேன் வரும். அந்த நேரத்துல வர்றது நீளமாவும் இருக்கும், மாத்திரைக்கும் லேசுல அடங்காது.

"அந்த நாள்ல தலை வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ"ன்னு சொல்றவங்களைப் பார்த்தா எனக்குக் கோபமா வரும். மருந்து எடுக்கலைன்னா 4 மணி நேரத்துலேருந்து 72 மணி நேரம் வரை ஆளைப் படுக்கப்போடுற நரம்பு வியாதிங்க இது.

அதனால ஒண்ணு பண்ணுங்க. தலைவலி தேதி, பீரியட்ஸ் தேதி, போட்ட மாத்திரை, மூணையும் ஒரே காலண்டர்ல குறிங்க. ஒரு 3 மாசக் கணக்கோட டாக்டர்கிட்ட போனா பேச்சே வேற மாதிரி இருக்கும். பீரியட்ஸ் தேதி தவறாம வர்றவங்களுக்கு, அந்த சில நாளுக்கு மட்டும் நாப்ராக்சன் மாதிரி ஒரு வலி மருந்தை முன்கூட்டியே எழுதித் தர்றதும் உண்டு. அடிக்கடி வருதுன்னா தினமும் போடுற தடுப்பு மருந்து இருக்கு. ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் மாதிரி. தினமும் போடத் தேவையில்லாத சி.ஜி.ஆர்.பி ஊசிகளும் 2018லேருந்து வந்திருக்கு, மைக்ரேனைத் தூண்டுற சி.ஜி.ஆர்.பிங்கிற புரதத்தைத் தடுக்கிற ஊசிங்க அது.

மாத்திரைக் கணக்கு எதுக்குன்னா, சாதாரண வலி மாத்திரையை மாசத்துல 15 நாள், மைக்ரேனுக்குன்னே இருக்கிற டிரிப்டான் வகை மாத்திரையை 10 நாள், இப்படியே 3 மாசத்துக்கு மேல போட்டா, அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். கேக்க அநியாயமா இருக்குல்ல?

இப்போ சொல்றதைத் தயவுசெஞ்சு ஸ்கிப் பண்ணாதீங்க. வலிக்கு முன்னாடி கண்ணுல வளைஞ்சு நெளிஞ்சு வெளிச்சக்கோடு தெரியுதா? கை, முகம் மரத்துப்போகுதா? அதுக்குப் பேரு ஆரா. ஆரா இருக்கிறவங்க ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை போட்டா பக்கவாதம் வர்ற வாய்ப்பு கூடும். சிகரெட்டும் சேர்ந்தா இன்னும் மோசம். கருத்தடைக்குப் போறப்போ பல பேரு தலைவலி பத்தி வாயே திறக்கிறதில்ல. டாக்டர் கேக்கலைன்னாலும் நீங்களா சொல்லுங்க. ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழிகளும் இருக்கு.

கர்ப்பமா இருக்கிறப்போ, முக்கியமா 3 மாசத்துக்கு அப்புறம், நிறையப் பேருக்கு இது குறையும். ஆனா வால்ப்ரோயேட், டோபிராமேட் மாதிரி தடுப்பு மருந்து குழந்தைக்கு ஆகாது. குழந்தைக்குப் பிளான் பண்றப்பவே டாக்டர்கிட்ட சொல்லிடணும். மெனோபாஸ் நெருங்குறப்போ கொஞ்ச வருஷம் ஆட்டிவைக்கும், அப்புறம் பெரும்பாலும் அடங்கும்.

திடீர்னு இடி விழுந்த மாதிரி வலி, காய்ச்சலோட கழுத்து விறைப்பு, பேச்சு குழறல், கை கால் இழுக்கிறது, இதெல்லாம் வந்தா மைக்ரேன்தான்னு நீங்களே முடிவு பண்ணிப் படுத்துடாதீங்க, நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.