மருந்தில்லாமல் திரும்பிய மருத்துவர்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மேசைமீது இருக்கும் இந்த இலையை சிங்கப்பூரில் நான் குடியிருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழே நிற்கும் ஃபிராங்கிபானி மரத்திலிருந்து இன்று காலை பறித்து வந்தேன். மேற்புறத்தில் நாலைந்து மஞ்சள் புள்ளிகள்தாம் தெரிகின்றன. திருப்பினாலோ, அடிப்புறம் முழுவதும் யாரோ மஞ்சள்தூளைத் தூவிவிட்டாற்போல் ஆரஞ்சு நிறப் பொடி அப்பிக்கிடக்கிறது. இதற்குத் துரு நோய் என்று பெயர். இந்நோயைத் தருவது ஒரு பூஞ்சை; அதே துரு வகையைச் சேர்ந்த வேறொரு பூஞ்சை 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களை அழித்தது. அதை ஆராயச் சென்ற தாவர நோயியல் அறிஞரும் நூலாசிரியருமான ஹாரி மார்ஷல் வார்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அந்தத் தோட்டங்களில் காப்பிப் பழம் பறித்தவர்கள் நம்மவர்கள். ஆள்சேர்க்கும் மேற்பார்வையாளர்களான கங்காணிகளின் பின்னே தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்டு, கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்தவர்கள். அந்த நடையிலேயே காலராவுக்கும் பசிக்கும் இரையானவர்கள் ஏராளம். அவர்கள் உழைத்த மலையில் 1869இல் இந்நோய் கண்ணில் பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் துவைட்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவைக்க, பூஞ்சை ஆய்வாளர்களான பெர்க்லியும் புரூமும் அந்தப் பூஞ்சைக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார்கள். அதன் வித்தி, அதாவது விதைபோல் அதைப் பரப்பும் நுண்துகள், ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருப்பதால் முதற்சொல்லுக்குப் ‘பாதி வழவழப்பு’ என்று பொருள்; இரண்டாவது சொல்லின் பொருள் ‘பாழாக்குவது’. தோட்டத்துத் துரைமார் அதை ‘எமிலி’ என்று பெண் பெயராக்கிக் கேலி பேசினார்கள். அந்தக் கேலி நெடுநாள் நீடிக்கவில்லை.

வார்டு 1854இல் ஹெரிஃபோர்டில் ஓர் இசைக்கலைஞரின் மகனாகப் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்த கையோடு, 1880இல், 26 வயதைத் தொடும் நேரத்தில், இரண்டாண்டுப் பணியாக இலங்கைக்கு வந்தார். நோய் மண்ணில் இருக்கிறதா, மழையில் வருகிறதா, மரத்தின் வலுக்குறைவா என்று ஆளுக்கொரு கருத்துச் சொல்லிக்கொண்டிருந்த நாள்கள் அவை. வார்டு கண்ணாடிச் சில்லுகளில் கிளிசரின் தடவித் தோட்டங்களில் தொங்கவிட்டார். அவற்றில் வந்து ஒட்டிய வித்திகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, நோயைச் சுமந்து வருவது காற்றுதான் என்று உறுதிசெய்தார். இலையின் அடிப்புறத்தில் தங்கிய ஈரத்துளியில் வித்தி முளைவிட்டு, இலைத்துளை வழியே உள்ளே நுழைந்து, சில வாரங்களில் அதே இடத்தில் புதிய ஆரஞ்சுப் பொடியாக வெளிவருவதைப் படிப்படியாகக் காட்டினார். மருந்து எதுவானாலும் வித்தி முளைப்பதற்கு முன்பே அது இலைமேல் படிந்திருக்க வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. உள்ளே நுழைந்துவிட்ட பூஞ்சையை வெளியிலிருந்து எதைத் தூவியும் எட்ட முடியாது.

ஆனால் தோட்ட முதலாளிகள் எதிர்பார்த்தது விளக்கமன்று, மருந்து. வார்டோ மருந்துக்குப் பதிலாக அவர்கள் கேட்க விரும்பாத ஒன்றைச் சொன்னார்: காட்டை வெட்டி, மலை மலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே பூஞ்சைக்கு வைத்த விருந்து, காற்று ஒரு செடியிலிருந்து கிளம்பினால் அடுத்ததும் காப்பி, அதற்கடுத்ததும் காப்பி. மருந்தைச் சொல்லாத குறையால் அவர் பயணத்தைத் தோல்வி என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தெரியாத மருந்தைத் தெரிந்ததாகச் சொல்லிச் சம்பளம் வாங்கியிருந்தால் அன்று எல்லாருமே மகிழ்ந்திருப்பார்கள்! அவர் இலங்கையை விட்டுச் சென்ற மூன்றே ஆண்டுகளில், 1885இல், பிரான்சில் மில்லார்டே என்ற தாவரவியலாளர் திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை அறிவித்தார். முளைக்கும் முன்பே வித்தியைத் தடுக்கும் மருந்து அது. இலங்கைக் காப்பிக்கு அது காலங்கடந்து வந்தது. தோட்டங்கள் திவாலாயின, தொழிலாளர் கூலி மாதக்கணக்கில் நிலுவையாக நின்றது, மலைகளில் தேயிலை ஏறியது.

ஊர் திரும்பிய வார்டு மான்செஸ்டரில் சிலகாலம் பணியாற்றி, 1885 முதல் பத்தாண்டுகள் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் இந்திய வனத்துறைக்குச் செல்லவிருந்த மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். 1888இல் லில்லிச் செடியின் நோயை ஆராய்ந்து, பூஞ்சை தானே சுரக்கும் ஒரு பொருளால் செடியின் உயிரணுச் சுவரைக் கரைத்து உள்ளே புகுகிறது என்று காட்டினார். அதே ஆண்டில் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1895இல் கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியர்.

நூல்களுக்கு வருவோம். மரங்களையும் அவற்றின் நோய்களையும் பற்றி 1889இல் எழுதினார். 1901இல் வெளிவந்த ‘தாவரங்களில் நோய்’ என்ற பொருள்தரும் நூலில், நோயைப் பேசுமுன் நலமான செடி எவ்வாறு உண்டு, மூச்சுவிட்டு வாழ்கிறது என்பதை முதலில் விளக்குகிறார். நோயென்பது பூஞ்சை மட்டுமன்று; செடியும் ஒட்டுண்ணியும் சூழலும் சேர்ந்த கணக்கு என்பது அவர் வாதம். இந்தப் பார்வை இலங்கை மலையிலேயே அவருக்கு வந்துவிட்டது என்பது என் கணிப்பு. 1906இல், 52 வயதில், காலமானார். அவருடைய மகன் ஃபிராங்க் கிங்டன் வார்டும் தாவரம் தேடி இமயமலைப் பக்கம் அலைந்தவர், அது தனிக்கதை.

நமக்கும் இதில் பங்குண்டு. 1877இல் லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து 22 ரப்பர் கன்றுகள் நம் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. பின்னர் இப்பூங்காவின் இயக்குநர் ரிட்லி பால் சீவும் முறையைத் திருத்தியமைத்தார். மலாயாத் தீபகற்பம் முழுவதும் ரப்பர் பரவியது, பால் மரம் சீவ நம் பாட்டன்மார் வந்தார்கள். அதுவும் ஒரே பயிர்தான். ரப்பரின் தாயகமான தென்னமெரிக்காவில் இலைக்கருகல் பூஞ்சை தோட்டங்களை நாசமாக்கியது, ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் போட்ட தோட்டமும் அதற்குத் தப்பவில்லை. தென்கிழக்காசியாவில் அது இதுவரை வேரூன்றவில்லை. காப்பிக்குக் கிட்டாத அந்த வாய்ப்பு ரப்பருக்குக் கிட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இலையின் பக்கத்தில் பூதக்கண்ணாடியும் இருக்கிறது. வரிசையாக வந்து அடிப்புறத்தைப் பாருங்கள். தொட்டவர்கள் விரலை உடனே துடைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொடி வெள்ளைச் சட்டையில் படிந்தால் வீட்டில் நீங்கள்தாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நன்றி.