ஜிகானோடோசாரஸும் ஆச்சி வீட்டுச் சேவலும்

(நாங்குநேரிப் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்றில், நூலக வார விழாவில் பேசியது. பேச்சின் நடையைப் பெரிதாக மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, வரவேற்றுப் பேசிய நூலகர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, பந்தலும் மைக் செட்டும் தம் செலவில் போட்டுத் தந்திருக்கும் அரிசி ஆலை அண்ணாச்சி அவர்களே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகளே, அவர்களைக் கூட்டி வந்திருக்கும் தாய்மார்களே, ஆச்சிமார்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். பொன்னாடை வேண்டாம், அந்தக் காசுக்குப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி புத்தகம் வாங்குங்கள் என்று கேட்டேன். நூலகர் அம்மா மறுபேச்சில்லாமல் செய்திருக்கிறார். மழைக்கு முன்னால் நூலகக் கூரையின் ஒழுகலைச் சரிசெய்து கொடுத்த ஊராட்சித் தலைவர் அம்மாவை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அவரிடம் இன்னொரு வேண்டுகோளும் இருக்கிறது, கடைசியில் வருகிறேன். தலைமையாசிரியர் பிள்ளைகளை வரிசையாக நடத்தி அழைத்து வந்ததைப் பார்த்தபோது, நான் பள்ளிக்கூடத்தில் இருந்த காலம் நினைவுக்கு வந்தது.

சரி, தலைப்புக்கு வருவோம். ‘கொன்று தின்னும் பெரிய டைனோசர்கள்: ஓர் ஒப்பீடு.’ உடம்பு, பல் என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டு பேசலாம் என்றிருக்கிறேன்.

இந்தத் தலைப்பைக் கொடுத்தது ஒரு பையன். ‘டி.ரெக்ஸும் ஜிகானோடோசாரஸும் சண்டை போட்டா யார் ஜெயிப்பா?’ என்று துண்டுச் சீட்டில் எழுதி நூலகர் அம்மாவிடம் கொடுத்திருக்கிறான். 31 வருஷம் உயிரியல் ஆசிரியராக இருந்தேன். ஒளிச்சேர்க்கையைப் பற்றித் தானாக வந்து கேட்ட பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்தக் கேள்வி வராத வருஷமே கிடையாது. நல்ல கேள்வி. கேட்ட பையன் எங்கிருந்தாலும் அவனுக்கு ஒரு கைதட்டு கொடுங்கள்.

டி.ரெக்ஸ் என்கிற டைரனோசாரஸ் ரெக்ஸ் வட அமெரிக்காவில் வாழ்ந்தது. 1902-இல் மொன்டானாவில் பார்னம் பிரௌன் கண்டெடுத்த எலும்புகளுக்கு, 1905-இல் ஹென்றி ஃபேர்ஃபீல்டு ஆஸ்பார்ன் அந்தப் பெயரை வைத்தார். நீளம் 12 மீட்டருக்கு மேல். நம்ம ஊர் வழியாக நாகர்கோவில் போகிற அரசு பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிடக் கொஞ்சம் கூடுதல். எடை 8 டன்னைத் தாண்டும். நெல்லையப்பர் கோயில் காந்திமதியைப் போல இரண்டு மூன்று யானைகளைச் சேர்த்து நிறுத்தால்தான் அந்த எடை வரும்.

காந்திமதி பெயரைச் சொன்னதும் ஆச்சிமார் முகம் மாறுகிறது. 2025 ஜனவரியில் அவள் போனபோது திருநெல்வேலி டவுனே அழுதது. ‘ஆனை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்’ என்று எங்கள் ஆச்சி வாய்க்கு வாய் சொல்லுவாள். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குத் திரும்பத் திரும்ப வரும்.

ஜிகானோடோசாரஸ் தென் அமெரிக்காவில் இருந்தது. 1993-இல் அர்ஜென்டினாவின் பாடகோனியாவில் அதைக் கண்டுபிடித்த ரூபன் கரோலினி, எலும்பு தேடுவதை ஆசையாக வைத்துக்கொண்டிருந்தவர், தொழில்முறை ஆய்வாளர் கிடையாது. 1995-இல் பெயர் வைத்தபோது அவர் பெயரையும் சேர்த்தே வைத்தார்கள். பிள்ளைகளே, குனிந்து தரையைப் பார்த்து நடக்கிற ஒரு மனிதருக்கு இத்தனை பெரிய மரியாதை கிடைத்திருக்கிறது. நீளத்தில் இது டி.ரெக்ஸுக்குச் சமம், ஆனால் உடம்பு கொஞ்சம் ஒல்லி. மூவரில் நீளமானது வட ஆப்பிரிக்காவின் ஸ்பைனோசாரஸ், 14 மீட்டர் அளவு. முதுகில் ஒன்றரை மீட்டருக்கும் உயரமான முள்ளெலும்புகள் பாய்மரம் விரித்ததுபோல் நிற்கும். நம் நாட்டிலும் ஒருவன் உண்டு. குஜராத்தில் கிடைத்து, 2003-இல் ராஜாசாரஸ் நர்மதென்சிஸ் என்று பெயர் பெற்றவன். உடம்பில் இவர்களைவிடச் சிறியவன், நெற்றியில் கொம்பு வைத்தவன்.

உடம்பை வைத்துச் சண்டையை முடிவு செய்ய முடியாது, பல்லைப் பார்க்க வேண்டும். ஆச்சி வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் பாக்குவெட்டிதான் டி.ரெக்ஸின் வாய். வாழைப்பழத் தடிமனில், வேரோடு சேர்த்து 30 சென்டிமீட்டர் வரை நீளமான பல். கடிக்கும் விசை 35,000 நியூட்டன் அல்லது அதற்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூன்றரை டன் பாரம் ஒரு கடியில் இறங்குகிறது. எலும்பையே நொறுக்கி விழுங்கியிருக்கிறது. கனடாவில் கிடைத்த கல்லாகிப்போன அதன் சாணத்தில் எலும்புத் தூள் இருந்தது. ஜிகானோடோசாரஸின் வாய் பன்னரிவாள். மெல்லிய பல், ஓரமெல்லாம் அரம். எலும்பை உடைக்காது, சதையை அறுத்து எடுக்கும். ஸ்பைனோசாரஸின் பல் முதலைப் பல் போலக் கூம்பாக இருக்கும், வழுக்குகிற மீனைக் குத்திப் பிடிக்க. பாக்குவெட்டியால் கதிர் அறுக்க முடியாது, பன்னரிவாளால் பாக்கு வெட்ட முடியாது. அவரவர் வேலைக்கு அவரவர் ஆயுதம்.

அப்போ யார் ஜெயிப்பா? தம்பி, அவை இரண்டும் சந்திக்கவே இல்லை. ஜிகானோடோசாரஸ் மறைந்து ஏறக்குறைய 3 கோடி ஆண்டு கழித்துத்தான் டி.ரெக்ஸ் வந்தது. இருந்த கண்டமும் வேறு. ஆனாலும் நீ விடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஒரே களத்தில் நிறுத்தினால் என் வாக்கு டி.ரெக்ஸுக்கு. கனத்த உடம்பு, எலும்பை உடைக்கும் கடி, இரண்டு கண்ணும் முன்னால் பார்ப்பதால் தூரத்தைச் சரியாகக் கணிக்கும் பார்வை.

இறந்த ஆனைக்கு ஆயிரம் பொன் என்றேனே, இறந்த டி.ரெக்ஸுக்கு என்ன விலை தெரியுமா? ‘சூ’ என்று பெயரிட்ட எலும்புக்கூடு 1997-இல் 83 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. இப்போது சிகாகோவில் நிற்கிறது. ‘ஸ்டான்’ என்ற இன்னொன்று 2020-இல் 3 கோடியே 18 லட்சம் டாலர். உலகமே போட்டி போட்டு வாங்குகிறது.

அந்த ஆயிரம் பொன்னைக் காக்காமல் விட்ட கதையும் இருக்கிறது. ஸ்பைனோசாரஸின் முதல் எலும்புகள் 1912-இல் எகிப்தில் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர், இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஜெர்மனியின் மியூனிக் அருங்காட்சியகத்திலிருந்து எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் வையுங்கள் என்று மன்றாடினார். பொறுப்பில் இருந்தவர் கேட்கவில்லை. 1944 ஏப்ரலில் ஒரே இரவுக் குண்டுவீச்சில் எல்லாம் சாம்பல்.

ஜெர்மனி வரை ஏன் போக வேண்டும்? நம்ம அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த பிருகத்காயோசாரஸ். 1980-களில் அதைப் பற்றி முதலில் எழுதியவர்கள் இரை தின்னும் டைனோசர் வகையிலேயே சேர்த்தார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர்! பிறகு பார்த்தவர்கள், இது இலை தழை தின்னும் நீள்கழுத்து வகை, அந்த வகையிலும் மிகப் பெரியவற்றில் ஒன்று என்றார்கள். எடுத்துப் பார்த்து முடிவு சொல்ல இன்றைக்கு எலும்பு இல்லை. ஈரம் பட்டு உதிர்ந்து மண்ணாகிவிட்டது. படங்களும் சில பக்க எழுத்தும்தான் மிச்சம். தமிழ்நாட்டு மண்ணில் கிடைத்த ஆயிரம் பொன், தமிழ்நாட்டு மழையில் கரைந்துபோயிற்று. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இப்போது எங்கள் ஆச்சி வீட்டுச் சேவல் கதையைச் சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது 9 வயது. ஆச்சியிடம் ஒரு சேவல் இருந்தது. கறுப்பும் சிவப்புமாக, கழுத்தைத் தூக்கினால் என் இடுப்பு உயரம். பெயர் துரை. தெருவில் நாய் வராது, பால்காரர் உள்ளே வரமாட்டார், வாசலில் நின்றே குரல் கொடுப்பார். எங்கள் பெரியக்காளுக்குக் கல்யாணம் முடிந்து, அத்தான் முதல்தடவை மறுவீட்டுக்கு வருகிறார். பட்டு வேட்டி, கையில் பழத்தட்டு, பின்னால் அவர் வீட்டு ஆட்கள் இருபது பேர். துரை வைக்கோல் படப்பின் அடியில் நின்று பார்த்தது. வேட்டியின் ஜரிகை வெயிலில் மின்னியதுதான் தாமதம், தலையைத் தாழ்த்தி, இறகைச் சிலிர்த்து, நேராக அத்தானை நோக்கி ஓடிவந்தது. பழத்தட்டு ஒரு பக்கம் போனது, ஆரஞ்சு தெருவெல்லாம் உருண்டது. அத்தான் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், துரை விடவில்லை. கடைசியில் வைக்கோல் படப்பின் மேலேயே ஏறிவிட்டார். கீழே துரை குறுக்கும் நெடுக்கும் காவல் நடக்கிறது. தெருவே கூடிவிட்டது. மேளக்காரர் ஒருவர் உற்சாகம் தாங்காமல் தவிலை ஒரு தட்டுத் தட்டிவிட்டார். ஆச்சி அடுக்களையிலிருந்து ஓடிவந்து, “ஏலே துரை! அவிய நம்ம வீட்டு மாப்பிள்ளைலே!” என்று கத்தினாள். ஆச்சி குரல் கேட்டதும் அப்படியே நின்றது. அவள் கையிடுக்கில் அமுக்கிக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், “இன்னைக்கே இதைக் கொளம்புல போடுங்க” என்றார். ஆச்சி மறுத்துவிட்டாள். துரையின் காலைத் தூக்கி என்னிடம் காட்டி, “இந்தக் காலைப் பாருய்யா. செதிலும் நகமுமா, இது எந்த ராட்சசன் வம்சமோ!” என்றாள்.

எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சி சொன்னது அது. முன்பக்கம் மூன்று விரல் பதிந்த டைனோசர் காலடித் தடத்தின் படத்தைக் கல்லூரியில் முதன்முதலாகப் பார்த்தபோது, துரையின் கால்தான் என் கண்முன் வந்தது. கோழி சாப்பிடும்போது பிள்ளைகள் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து உடைக்கும் கவை எலும்பு இருக்கிறதே, அது டி.ரெக்ஸுக்கும் இருந்தது. பறவையின் எலும்பில் காற்றறை இருக்கிறது, டி.ரெக்ஸின் முதுகெலும்பிலும் இருந்தது. டி.ரெக்ஸின் உறவான யூட்டிரானஸ், 9 மீட்டர் நீளமுள்ளது, உடம்பில் இறகுத் தூவியோடு சீனாவில் கிடைத்ததாக 2012-இல் அறிவித்தார்கள். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கு முன்னால் விண்கல் விழுந்து பேரழிவு வந்தபோது, இரண்டு காலில் நடந்த அந்தக் குடும்பத்தில் ஒரு கிளை தப்பித்தது. அதைத்தான் பறவை என்கிறோம். டைனோசர் முழுக்க அழிந்துவிட்டது என்று இனிமேல் யாரும் பரீட்சையில் எழுதாதீர்கள்.

ஆகவே இறந்த ஆனையைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டோம். இருக்கிற ஆனை நம்ம குளத்தில் நிற்கிறது. சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா.

பக்கத்தில் கூந்தன்குளத்தைப் பாருங்கள். 1994-இல் சரணாலயம் ஆனது, இன்று உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது. பறவை பயந்துவிடும் என்று அந்த ஊர்ச் சனங்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வீட்டு வாசல் மரத்தில் நாரை கூடு கட்டினால் எச்சத்தைப் பொறுத்துக்கொண்டு வாழ்கிறார்கள். அந்த மக்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

நம்ம குளத்தில் போன கோடையில் என்ன நடந்தது? சீமைக்கருவேலத்தை அழிக்க இயந்திரம் வந்தது. நல்ல வேலை, நானும் வரவேற்றேன். ஆனால் வேலை எடுத்தவர்கள் சீமைக்கருவேலத்தோடு கூடு இருந்த நாட்டுக்கருவேலத்தையும் சேர்த்துச் சாய்த்துவிட்டார்கள். குஞ்சு பொரித்திருந்த நேரம். தாய்ப் பறவைகள் மேலே வட்டமடிக்கின்றன, கீழே குஞ்சுகளை நாய் இழுக்கிறது. ஏழு குஞ்சுகளை நானும் இரண்டு பையன்களும் தூக்கி வந்தோம். இரண்டுதான் பிழைத்தன. இருக்கிற ஆயிரம் பொன்னைக் குப்பையில் கொட்டினோம் அன்றைக்கு.

ஊராட்சித் தலைவர் அம்மாவிடம் என் வேண்டுகோள் இதுதான். இனிமேல் குளத்தில் மரம் எடுப்பதற்கு முன்னால் நாட்டுக்கருவேலங்களுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து அடையாளம் போட வேண்டும். கூட்டில் குஞ்சு இருக்கும் மாதங்களில் இயந்திரம் இறங்கக் கூடாது. கறிக்கடைக் கழிவைக் கரையில் கொட்டுவதை நிறுத்த வேண்டும், நாய்க்கூட்டம் அதற்குத்தான் வருகிறது. வருகிற ஜனவரி 26 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்க ஒரு மனு எழுதியிருக்கிறேன். நூலகர் அம்மாவின் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாத ஆச்சிமார் கைநாட்டு வைக்கலாம், மைப்பெட்டியும் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குக் குளத்து மடைப் பக்கம் நிற்பேன். என்னிடம் இரண்டு பைனாகுலர் இருக்கிறது. சீட்டு எழுதிய பையன் கட்டாயம் வர வேண்டும், முதல் பார்வை அவனுக்குத்தான். நன்றி, வணக்கம்.