பாலையோ பனியோ, எல்லாம் தண்ணீர்ப் பிரச்சினைதான்

[திரையில்: ஒரு பாதியில் சஹாரா மணல், மறு பாதியில் ஆர்க்டிக் தூந்திரம்]

சஹாராவுக்கும், வடதுருவத்தை ஒட்டிய மரமில்லாக் குளிர்நிலமான தூந்திரத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலுமே பெரும்பாலான இடங்களில் வருடத்துக்கு 250 மில்லிமீட்டர்கூட மழையோ பனியோ விழுவதில்லை. பாலை, காடு, தூந்திரம் போன்ற பல்லுயிர்த் தொகுதிகளை வெயில், குளிர் என்று பிரித்துத்தான் நாம் படித்திருப்போம். ஆனால் அங்கே வாழும் உயிர்களுக்கு அதைவிடப் பெரிய கவலை தண்ணீர்: அது எப்போது கிடைக்கும், எந்த வடிவில் கிடைக்கும்?

முதலில் பாலைவனம். வட அமெரிக்கப் பாலைகளில் வாழும் கங்காரு எலி, வாழ்நாள் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்துவிடும். தின்பதெல்லாம் காய்ந்த விதைகள். அவற்றை உடல் எரித்துச் சக்தியாக்கும்போது உள்ளேயே கொஞ்சம் தண்ணீர் உருவாகிறது. அதுவே அதற்குப் போதும். ஏனென்றால் செலவில் அவ்வளவு கறார். சிறுநீர் மிகமிகக் கெட்டியாக வெளியேறும். மூச்சு விடும்போது காற்றிலுள்ள ஈரம் மூக்குக்குள்ளேயே குளிர்ந்து படிந்துவிடும். பகலில் வளையை விட்டு வெளியே வருவதே இல்லை.

[திரையில்: நமீப் மணல்மேடு, விடியற்காலை மூடுபனி]

ஆப்பிரிக்காவின் நமீப் பாலையில் வேறு வழி. கடலிலிருந்து மூடுபனி வரும் காலையில், ஒருவகைக் கருவண்டு மணல்மேட்டின் உச்சிக்கு ஏறி, தலை கீழாகவும் பின்புறம் மேலாகவும் காற்றை எதிர்த்து நிற்கும். முதுகில் படியும் பனித்துளிகள் திரண்டு வழிந்து நேராக வாய்க்கு வரும்.

சரி, வடக்கே போவோம். டைகா எனப்படும் ஊசியிலைக் காடுகளில் பனி குவிந்து கிடக்கிறது. அங்கே எப்படித் தண்ணீர்ப் பஞ்சம் வரும்? மண் உறைந்துவிட்டால் வேரால் உறிஞ்ச முடியாது. மரத்தைப் பொறுத்தவரை குளிர்காலமும் ஒரு வறட்சிதான். இலை ஊசியாகச் சுருங்கி மெழுகு பூசிக்கொண்டிருப்பது முக்கியமாக ஈரத்தைக் காப்பாற்றத்தான். சைபீரியாவின் லார்ச் மரம் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த ஊசிகளையே உதிர்த்துவிடுகிறது.

இந்தக் காடுகளில் என்னை அதிகம் வியக்கவைப்பது ஒரு தவளை. அலாஸ்கா வரை பரவியிருக்கும் காட்டுத்தவளை குளிர்காலத்தில் உண்மையிலேயே உறைந்துபோகிறது. உடலிலுள்ள நீரில் பாதிக்கு மேல் பனிக்கட்டியாகிறது. இதயம் நின்றுவிடுகிறது. பனிக்கட்டி உருவாவது செல்களுக்கு வெளியே. அது உள்ளேயிருக்கும் நீரை இழுத்துச் செல்களை வற்றவைக்கப் பார்க்கும். உடனே கல்லீரல் குளுக்கோஸை இரத்தத்தில் கொட்டும். அந்தச் சர்க்கரைதான் செல்களில் நீரைப் பிடித்துவைக்கிறது. வெயில் வந்ததும் உருகி, தாவிப் போய்விடும்.

தூந்திரத்தில் மேல்மண் மட்டும் கோடையில் உருகும். அடியில் எப்போதும் உறைபனி. உருகிய நீர் கீழே இறங்க வழியில்லாமல் தேங்குகிறது. மழையே குறைவான ஊர், ஆனால் கோடையில் எங்கும் சதுப்பு, கூடவே கொசுப்படை!

மழைக்காட்டில் கதை தலைகீழ். வருடத்துக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மழை, மண்ணின் சத்தையெல்லாம் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. அவ்வளவு பச்சைக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் ஏழை மண். அதனால் வேர்கள் ஆழம் போகாமல் மேலேயே பரவி, இலை மக்கியதும் சத்தைப் பிடித்துக்கொள்கின்றன. உயரமான மரம் சாயாமலிருக்க அடியில் பலகைபோல் முட்டுவேர்கள் வேறு.

சவானா எனப்படும் வெப்பமண்டலப் புல்வெளியில் மழையும் வறட்சியும் மாறிமாறி வரும். புல்லின் வளரும் முனை தரையை ஒட்டி இருப்பதால் தீயோ மேய்ச்சலோ மேல்பகுதியை அழித்தாலும் மறுபடி துளிர்க்கும். ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி புல்வெளியில் வில்டிபீஸ்ட் என்ற மான்வகை விலங்குகள் 10 லட்சத்துக்கும் மேல் மழையைத் துரத்தியே நடக்கின்றன.

[திரையில்: கடல்]

கடலில் தண்ணீருக்கா குறைச்சல் என்று தோன்றும். ஆனால் சுற்றியுள்ள உப்பு, மீனின் உடலிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. அதனால் பெரும்பாலான கடல்மீன்கள் கடல்நீரைக் குடித்து, மிஞ்சும் உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகின்றன. ஆற்றுமீன் தண்ணீர் குடிப்பதே அபூர்வம். உள்ளே தானாகப் புகும் நீரைச் சிறுநீராக வெளியேற்றுவதுதான் அதற்குப் பெரிய வேலை.