விசாவில் இருக்கும் இரண்டு கணக்குகள்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுக்குப் பத்து நாள், இருபது நாள் போய்வரக் கிளம்புகிறவர்கள் விசா கைக்கு வந்ததும் முதலில் தேடுவது கடைசித் தேதியை. அது எதுவரை செல்லும் என்று பார்த்து, அதற்கு முந்தைய நாளுக்குத் திரும்பும் டிக்கெட்டைப் போட்டுவிடுகிறார்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. விசா செல்லுபடியாகும் காலம் ஒரு கணக்கு. அந்த நாட்டில் தங்க அனுமதிக்கும் நாள் இன்னொரு கணக்கு. இதை இன்றைக்கு இரண்டு மூன்று தடவை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவாகத் தரும் ஷெங்கன் விசாவை எடுத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் அந்தத் தாளில் மூன்று விவரங்களைப் பார்க்க வேண்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது ஒன்று. எத்தனை முறை நுழையலாம் என்பது இரண்டு. எத்தனை நாள் தங்கலாம் என்பது மூன்று. பத்து நாள் பயணத்துக்கு விண்ணப்பித்தவருக்கு முதல் வரியில் 25 நாள் இடைவெளி இருக்கும். அதைப் பார்த்து "கேட்டதைவிடக் கூடவே கொடுத்திருக்கிறார்கள்" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. கூடுதலாக ஒன்றும் கொடுக்கவில்லை. விமானம் தள்ளிப்போனால், பயணத் தேதி மாறினால் உதவட்டும் என்று 15 நாள் சலுகை சேர்த்து எழுதுவது அவர்களுடைய விசா விதி. அந்த 25 நாளுக்குள் எந்தப் பத்து நாள் என்பது உங்கள் விருப்பம். ஆனால் பத்தே நாள்தான். மூன்றாவது விவரத்தைப் படிக்காமல் முதலாவதை மட்டும் நம்பியவர், பதினொன்றாம் நாளே அனுமதி மீறியவர் ஆகிவிடுகிறார்.

அமெரிக்காவில் இது தலைகீழாக இருக்கும். அங்கே விசாவின் தேதி, விமான நிலையத்துக்குப் போய் "உள்ளே வரலாமா" என்று கேட்பதற்கான காலம், அவ்வளவுதான். விசா முடியும் கடைசி நாளில்கூடப் போய் இறங்கலாம். எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கிருக்கும் அதிகாரி முடிவு செய்து, ஐ-94 என்ற பதிவில் ஒரு தேதி போடுவார். விமானத்தில் போகிறவர்களுக்கு அது காகிதமாகக் கைக்கு வராது. இறங்கிய ஓரிரு நாளில் அரசு இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து வருட விசா கையில் இருந்தாலும் அந்தத் தேதியைத் தாண்டித் தங்கினால் அந்த விசா தானாகவே செல்லாததாகிவிடும். ஆக, ஒரு ஊரில் விசா நாள் நீளம், தங்கும் நாள் குறைவு. இன்னொரு ஊரில் விசா முடிந்த பிறகும் தங்கலாம். இரண்டும் தனித்தனிக் கணக்கு. இது இரண்டாவது தடவை.

அடுத்து வருவது, 180 நாளில் 90 நாள் என்ற விதி. ஷெங்கனில் உள்ள 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. பிரான்சில் 40 நாள், இத்தாலியில் 40 நாள் என்றால் 80 நாள் போய்விட்டது. விசா இல்லாமலே போகத் தகுதியுள்ள நாட்டுக்காரர்களுக்கும் இதே விதிதான்.

பலர் நினைப்பது, வருடத்தை இரண்டாக வெட்டி ஆறு மாதத்துக்கு 90 நாள் என்று. இன்னும் சிலர், வெளியே ஒரு எட்டுப் போய்விட்டு வந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்று லண்டனுக்குப் போய்வருகிறார்கள். இரண்டும் தவறு. நீங்கள் அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ண வேண்டும். அதற்குள் நீங்கள் இருந்த நாட்கள் 90-ஐத் தாண்டக் கூடாது.

படம் போட்டுக் காட்ட வானொலியில் வழியில்லை. ரயில் ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலின் அகலம் 180 நாள். வண்டி தினமும் ஒரு நாள் நகர்கிறது. முன்பக்கம் ஒரு நாள் உள்ளே வரும்போது பின்பக்கம் ஒரு நாள் மறைந்துபோகிறது. ஜன்னலுக்குள் தெரிகிற நாட்களை மட்டும்தான் எண்ண வேண்டும்.

காகிதமும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரிக்கு 28 நாள் உள்ள வருடம். பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா. ஒரு பெண் ஜனவரி 10-ஆம் தேதி போய் பிப்ரவரி 28-ஆம் தேதி வெளியே வருகிறார். ஜனவரியில் 22, பிப்ரவரியில் 28, மொத்தம் 50 நாள். போன நாள், வந்த நாள் இரண்டும் முழு நாளாகச் சேரும். இரவு 11:50-க்கு இறங்கினாலும் அது ஒரு நாள்தான். திரும்ப மே 1-ஆம் தேதி போகிறார். அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ணினால் முந்தைய வருடம் நவம்பர் 3 வருகிறது. பழைய 50 நாளும் ஜன்னலுக்குள்ளேயே இருக்கின்றன. மிச்சம் 40. மே மாதத்தில் 31, ஜூனில் 9. ஜூன் 9-ஆம் தேதி அவர் வெளியேறியாக வேண்டும். புதிதாக 90 நாள் கிடைத்தது என்று எண்ணி ஜூலை கடைசிக்கு டிக்கெட் போட்டிருந்தால் மாட்டிக்கொண்டார்.

சரி, மறுபடி எப்போது போகலாம்? ஜனவரி 10 ஜன்னலை விட்டு மறையும் நாள் ஜூலை 9. அன்றைக்கு ஒரு நாள் கிடைக்கிறது. மறுநாள் ஜனவரி 11 மறைய, இன்னொரு நாள். இப்படி ஒவ்வொன்றாகக் கழிந்து ஆகஸ்ட் 27 வரை தங்கலாம். 28-ஆம் தேதி கழிய நாள் இல்லை, அன்று 91. இதற்கென்றே ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் நாட்களைக் கணக்கிடும் வசதி இருக்கிறது. ஆனால் நீங்கள் தேதியைத் தவறாகக் கொடுத்தால் அதுவும் தவறாகத்தான் சொல்லும். இன்னொரு நுணுக்கம்: நள்ளிரவு 12:30-க்கு விமானம் என்றால், நீங்கள் வெளியேறிய நாள் விமானம் புறப்பட்ட நேரத்தைப் பொறுத்தது அல்ல, பாஸ்போர்ட் சோதனையைத் தாண்டிய நேரத்தைப் பொறுத்தது. கடைசி நாளில் அந்த வரிசையில் நின்றபடியே 12 மணி அடித்துவிட்டால் ஒரு நாள் கூடிவிடும். 2025 அக்டோபரிலிருந்து அங்கே முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் ஏற்றும் முறை படிப்படியாக வந்துவிட்டது. முத்திரை மங்கிப்போயிருக்கிறது, எண்ண முடியவில்லை என்ற பேச்சுக்கே இனி இடமில்லை.

பாஸ்போர்ட்டுக்கு வருகிறேன். ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எல்லா நாட்டுக்கும் அது விதி இல்லை, ஆனாலும் அந்த அளவு வைத்துக்கொள்வது நல்லது. ஷெங்கனில் நீங்கள் வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் இருந்தால் போதும். ஆனால் பாஸ்போர்ட் வழங்கி பத்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது, விசா கேட்கும்போது இரண்டு வெற்றுப் பக்கமாவது இருக்க வேண்டும்.

இதையெல்லாம் முதலில் பார்ப்பது யார் தெரியுமா? அந்த நாட்டு அதிகாரி இல்லை, நீங்கள் கிளம்பும் ஊரில் பெட்டியை எடைபோடும் விமான நிறுவன ஊழியர். ஆவணம் சரியில்லாதவரை ஏற்றிச் சென்றால் திருப்பி அழைத்துவரும் பொறுப்பு அந்த நிறுவனத்துடையது, பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால் அவர்கள் டைமேட்டிக் என்ற தகவல் தொகுப்பைப் பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள். அதில் கூடாது என்று வந்தால் கவுண்டரில் வாதாடிப் பலனில்லை. திரும்பும் டிக்கெட் இருக்கிறதா என்று கேட்பதும் இதனால்தான். குறைகூறாதீர்கள், கையில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விசா இல்லாமலே போகத் தகுதியுள்ள நாட்டுக்காரர்களும் சில நாடுகளுக்கு இப்போது முன்கூட்டியே இணையத்தில் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவுக்கு எஸ்டா, பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் அவரவர் அனுமதி. இது ஒரு குறிப்பிட்ட பாஸ்போர்ட் எண்ணோடு கட்டிப்போட்ட அனுமதி. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் அனுமதியையும் புதிதாக வாங்க வேண்டும். எண்ணில் வரும் பூஜ்ஜியத்தை ஆங்கில எழுத்து 'ஓ' என்று தட்டிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிற பிழை. பணம் கட்டியாயிற்று, ஒப்புதலும் வந்தாயிற்று, கவுண்டரில் மட்டும் பொருந்தவில்லை. பிறந்த தேதியில் மாதம் முதலா நாள் முதலா என்பதையும் பாருங்கள். அரசுத் தளம் மாதிரியே இருக்கும் இடைத்தரகர் தளங்கள் இரண்டு மூன்று மடங்கு பணம் கேட்கும். தேடலில் முதலில் வருவது அரசுத் தளமாகத்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

பெயரில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு இல்லாமல் ஒற்றைப் பெயராக இருப்பவர்களுக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு, அதற்குத் தனி உரையே வேண்டும். ஒன்று மட்டும்: பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இரண்டு வரிகளில் எப்படி இருக்கிறதோ அப்படியே டிக்கெட்டிலும் போடுங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். இடையில் விமானம் மாறுவதைப் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பயணத்தையும் தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால், நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிவரலாம். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், நுழைய விசா வேண்டும். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் நுழைவுச் சோதனையைக் கடந்தாக வேண்டும், ஆகவே விசாவோ எஸ்டாவோ இல்லாமல் அந்த வழியில் டிக்கெட் போடாதீர்கள். ஒரே ஊரில் ஒரு விமான நிலையத்தில் இறங்கி இன்னொன்றில் ஏறுவதும் அப்படித்தான். மலிவான டிக்கெட்டைப் பார்த்ததும் இந்த மூன்றையும் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.